டேங்க் மூடிக்கு வைத்த பொட்டு

நைனாவின் காரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். ஊரே பஸ்ஸிலும் மொபெட்டிலும் போய்க்கொண்டிருந்த காலத்தில், செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த மனுஷனுக்கு, முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும் வெள்ளைக்காரன் காலத்துக் கார் எதற்கு? யாரோ ஒரு பண்ணைக்காரரின் மாட்டுக் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி அது. ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று நைனா சொல்வார். டிராக்டரில் கட்டி இழுத்து வந்ததைத் தெருவே பார்த்தது.

கார் வந்ததோடு விட்டதா? கூடவே கதையும் வந்தது. ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால், சொம்புக்குள் டம்ளரை விட்டு மேலும் கீழும் ஆட்டி, "உறிஞ்சுது, அமுக்குது, வெடிக்குது, துப்புது. இன்ஜின்னா அவ்ளோதான்" என்பார். அப்புறம் ஜெர்மனிக்குப் போய்விடுவார். உலகத்தின் முதல் கார் மூன்று சக்கரம். செய்தவன் அதை ஊருக்கு வெளியே கொண்டுபோகவே பயந்தான். அவன் பெண்டாட்டிதான் புருஷனிடம் சொல்லாமல், இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு, தூரத்தில் இருந்த அம்மா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். எண்ணெய் தீர்ந்ததும் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாள். குழாய் அடைத்துக்கொண்டதும் தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திவிட்டாள். பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னாள். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

கதை முடிந்ததும் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அந்தப் பொம்பள அம்மா வூட்டுக்குப் போய்ச் சேந்துச்சா?"

"நான் இன்ஜினப் பத்திச் சொல்றேன், நீ இன்னா கேக்கற?" என்று நைனாவுக்குக் கோபம் வரும். "சேந்துச்சு, சேந்துச்சு. சோத்தப் போடு."

அம்மா பிறந்த ஊர் மண்டகப்பட்டு. செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கார் வந்த நாளிலிருந்து அம்மா அங்கே போகவே இல்லை. "கார வூட்ல வெச்சிக்கினு பஸ்ல போனா நாலு பேரு சிரிக்க மாட்டான்?" என்பார் நைனா. கார் ரெடியாகட்டும் என்பார். அது எங்கே ரெடியானது!

மண்டகப்பட்டில் சித்திக்கு வளைகாப்பு வைத்தபோதுதான் அம்மா பிடிவாதம் பிடித்தாள். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் தாய் கிடையாது. தாய் இடத்தில் நின்று முதல் வளையல் போட வேண்டியவள் அம்மாதான். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் போட்டாக வேண்டும். நைனா இரண்டு நாள் இன்ஜினோடு மல்லுக்கட்டி, "கார்லயே போறோம்" என்று சத்தியம் செய்தார்.

விடிந்ததும் காருக்குப் பூஜை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மூக்குக்கு மாலை. அதோடு நிறுத்தினாரா? விளக்கு, கண்ணாடி, கைப்பிடி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குங்குமம். பெட்ரோல் டேங்க் மூடிக்கு மட்டும் இட்லி அளவுக்கு ஒரு பொட்டு. "போதும், கெளம்புங்க" என்று அம்மா கத்திக்கொண்டே இருந்தாள்.

ஊரைத் தாண்டியதும் கார் நின்றது. நைனா இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கம்பியைச் சுற்றினார். ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. மறுபடி மூடி, குச்சி, கம்பி. மறுபடி ஓட்டம், மறுபடி நின்றாயிற்று. இதற்குள் இரண்டு பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

"நானும் பாப்பாவும் பஸ்ல போயிடறோங்க. நீங்க அப்பறமா வாங்க."

"ரெண்டு நிமிசம் பொறு. இப்ப கெளம்பிடும்."

அம்மா மடியில் வளையல் பெட்டி. வேர்வையில் அதன் காகிதம் நனைந்து கிழிந்துகொண்டிருந்தது.

அடுத்த தடவை நின்றபோது, குச்சி விடுவதற்காக மூடியை அம்மா கையில் கொடுத்தார் நைனா. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தாள். அடியில் சின்னதாக ஓர் ஓட்டை, முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது.

"இந்த ஓட்ட எதுக்குங்க?"

நைனா குச்சியைக் கீழே போட்டுவிட்டு மூடியை எட்டிப் பார்த்தார். அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும், மூடியைத் திறந்தபோதெல்லாம் வண்டி ஓடியதும் அதனால்தான் என்பது அவருக்குத் தெரியாததா? அம்மா கொண்டையிலிருந்து ஊசியை உருவி நறுக்கென்று குத்தினாள். அதற்கப்புறம் அந்தப் பாழாய்ப்போன கார் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

"பாத்தியா! ஜெர்மனிக்காரி மாதிரியே ஊசி!" என்று வழியெல்லாம் நைனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா அவிழ்ந்த கொண்டையைக்கூட முடியாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போய் இறங்கியபோது பந்தலில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் வளையலைச் சித்தியின் நாத்தனார் போட்டுவிட்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நிறைந்துபோய், சித்தி எங்களைப் பார்த்து அழுதாள். அம்மா ஒரே ஒரு வளையலை எடுத்து, இடம் இல்லாத இடத்தில் நெருக்கித் தள்ளினாள். பெட்டியை மறுபடி மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்து ஆம்பிளைகள் வெற்றிலை போட உட்கார்ந்ததும், நைனா ஜெர்மனிக் கதையை ஆரம்பித்தார். இந்தத் தடவை கடைசியில் டேங்க் மூடியும் கொண்டை ஊசியும் சேர்ந்துகொண்டன. குத்தியது தான்தான் என்பது போலச் சொன்னார். கதை முடிந்தது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று, அவள் குரலிலேயே ராகம் போட்டு நான் கேட்டேன்.

"அந்தப் பொம்பள அம்மா வூட்டுக்குப் போய்ச் சேந்துச்சா?"

பந்தலே சிரித்தது. நைனா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அம்மா மட்டும் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, வளையல் பெட்டியோடு உள்ளே போனாள்.

மருந்துக் கடை, செருப்புத் தைப்பவர், ஊசி எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எதற்கு அந்த அடி என்பதுதான் புரியவில்லை.