சிறுத்தைக்குப் போகும் ஆட்டுச் சாக்கு

இன்று காலை ராசிபுரத்தில் சேலம் பஸ் ஏறினேன். என் பின்னாலேயே ஒருவர் நாறும் சாக்கு மூட்டையோடு ஏறினார்.

"உள்ள என்னங்க?" என்று கண்டக்டர் மறித்தார்.

"ஆட்டுப்பட்டியில கெடந்த வெறுஞ்சாக்குங்க. சேலம் உயிரியல் பூங்காவுல கூண்டுல இருக்கற சிறுத்தை மோந்து பாத்து, கிழிச்சு வெளையாடறதுக்கு. நான் அங்கதான் வேலை பாக்கறனுங்க."

முன்சீட்டு அம்மா விருட்டென்று எழுந்தார். "எங்க ஊட்டு ஆடு மூணையும் சிறுத்தைதான் தின்னுச்சு. அதுக்கு வெளையாட்டு வேறயா? எறக்கி உடுங்க இவர!"

கண்டக்டரின் கை விசிலுக்குப் போனது.

"கூண்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வருதுங்க. இதப் போட்டா அன்னிக்கு மட்டும் அந்தச் சுத்தல் நிக்குது," என்றார் சாக்குக்காரர்.

"எப்பத் தொறந்து உடுவீங்க?"

"உடமாட்டாங்கம்மா. சாகற வரைக்கும் அங்கதான்."

அந்த அம்மா அவரையே முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து, காலை ஒதுக்கி, "இங்க வையுங்க," என்றார்.

மூன்று ஆடுகளை இழந்தவள் நானாக இருந்தால் இறக்கித்தான் விட்டிருப்பேன். நீங்கள்?