மூன்று தட்டலுக்கு மேல்

யாரிடமும் படிக்காமல் தானாகவே புரோகிராமிங் கற்றுக்கொண்டவன் என்று தெரிந்தால் போதும், அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் டிப்ஸ் கேட்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இருந்தாலும் சொல்வேன். ஒரே மொழியைப் பிடித்துக்கொள், மாதத்துக்கு ஒன்றாகத் தாவாதே. வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை நீயே எழுதிப் பார். திரையில் பிழைச் செய்தி வந்தால் பதறாதே, கடைசி வரியை முதலில் படி. அடுத்தவன் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டாதே. இவ்வளவோடு நிறுத்திக்கொள்வேன். எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

என் அப்பா மினி பஸ் கண்டக்டர். திண்டுக்கல்லுக்கும் கன்னிவாடிக்கும் நடுவே ஓடிய வண்டி. "ஏலே அப்பு, படியில நிக்காத, உள்ள போ" என்று அவர் போடும் சத்தம் இன்ஜினை மீறிக் கேட்கும். மற்றதெல்லாம் விசில்தான். ஒன்று அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். விடாமல் அடித்தால் யாரோ விழுந்துவிட்டார்கள், அந்த இடத்திலேயே பிரேக் போட வேண்டும் என்று அர்த்தம். பள்ளிக்கூட நாட்களில் அதே பஸ்ஸில் போய்வந்தவன் நான். எனக்கு இது நன்றாகவே தெரியும்.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது எல்லாம் புரியும், பதில்தான் வராது. அம்மா ஸ்பின்னிங் மில்லில் பகல் ஷிப்ட் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சம்பளத்தை விட முடியாது. அதனால் செல்போன் கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை நான் விட்டேன். வீட்டை விட்டு நகராமல் செய்யக்கூடிய வேலை எதுவென்று தேடித்தான் புரோகிராமிங்குக்கு வந்து சேர்ந்தேனே தவிர, கணினி மேல் ஆசை என்று ஒன்றும் கிடையாது. பேட்டரி செத்துப்போன ஒரு பழைய லேப்டாப், போனிலிருந்து எடுக்கும் நெட், கோடு போட்ட ஒரு நோட்டு. கரண்ட் போனால் லேப்டாப்பும் அணைந்துவிடும் என்பதால் இரண்டு வரிக்கு ஒரு தடவை சேவ் செய்யும் பழக்கம் வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

முதலில் படித்த பாடம், இது வந்தால் இதைச் செய், அது வந்தால் அதைச் செய் என்று கணினிக்குச் சொல்லிவைப்பது. படித்த சூட்டோடு அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் படுத்திருந்தது இரும்புக் கட்டில். இடது கையால் கட்டில் குழாயில் ஒரு முறை தட்டினால் தண்ணீர். இரண்டு என்றால் சிறுநீர் கழிக்க. மூன்று என்றால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அப்பா உடனே பிடித்துக்கொண்டார். அம்மா வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம், "எம் மவன் அவரைப் பேச வச்சுட்டான்" என்று சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

யாருக்கும் சொல்லாத அந்த நல்ல வழி இதுதான். பிழை எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லையா, எழுதியதை வரிவரியாக யாருக்காவது வாய்விட்டு விளக்கு. கேட்பவருக்கு ஒன்றும் புரிய வேண்டியதில்லை. குறுக்கே பேசாதவராக இருந்தால் இன்னும் நல்லது. சொல்லிக்கொண்டே போகும்போது தப்பு தானாகக் கண்ணில் படும். ஒரு பொம்மையை மேசையில் வைத்துக்கொண்டு அதனிடம் பேசுங்கள் என்று நெட்டில் போட்டிருந்தார்கள். நான் எதற்குப் பொம்மை வாங்க வேண்டும்? இரண்டு வருடம் தினமும் அப்பாவிடம் பேசினேன். அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு அப்பா மேல் உயிரையே வைத்திருக்கும் மகன் போலத் தெரிந்திருப்பேன். அந்த இரண்டு வருடத்தில் மூன்று தட்டலுக்குள் அடங்காத ஒரு கேள்வியை நான் அவரிடம் கேட்டதில்லை.

அன்றைக்கு ஒரு கோயம்புத்தூர் கம்பெனி தேர்வு வைத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. மாலை ஐந்து மணிக்குள் நிரலை எழுதி அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் போனில் அழுத்தும் எண்ணுக்கு ஏற்றபடி பதில் தர வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் கொடுத்திருந்த பத்துச் சோதனையில் எட்டு தேறியது, இரண்டு தேறவில்லை. மூன்று மணியில் இருந்து முட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றரை இருக்கும், அப்பா தட்டத் தொடங்கினார். எண்ணாமலே எழுந்து தண்ணீர் கொடுத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்து தலையணை நனைந்தது. சிறுநீர் பாத்திரத்தை வைத்துப் பார்த்தேன், வரவில்லை. புரட்டிப் படுக்கவைத்தேன். தட்டுவது நிற்கவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது.

"எத்தனைன்னு மறந்து போச்சாப்பா? செத்த நேரம் இருங்க, அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்" என்றேன்.

மறுபடியும் தட்டினார். சத்தம் மண்டைக்குள் போய் இடித்தது. எழுந்து போய் அவர் கையைக் குழாயிலிருந்து எடுத்துத் தலையணை மேல் வைத்தேன். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

பிறகு வழக்கம்போல அவரிடமே விளக்கினேன். "ஒன்னு அழுத்துனா இது வரும், ரெண்டுன்னா இது, மூணுன்னா இதுப்பா. இது மூணும் இல்லாம வேற எதையாவது அழுத்துனா..." அங்கேயே பிடிபட்டுவிட்டது. அதற்கு நான் ஒன்றுமே எழுதிவைக்கவில்லை. நாலு வரி சேர்த்தேன். பத்தும் தேறியது. அனுப்பிவிட்டு, "முடிஞ்சுருச்சுப்பா" என்று திரும்பினேன். அப்பாவின் கண் திறந்தபடி இருந்தது. கை தலையணை மேல், நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாரடைப்பு என்றார். வலி வந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும், அவர் எதுவும் காட்டவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். வாழ்க்கை முழுக்க விசில் அடித்து வண்டியை நிறுத்திய மனிதர், மிச்சம் இருந்த ஒரே கையை வைத்து நிறுத்து, நிறுத்து என்று அடித்திருக்கிறார். நான் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. எதிர்பாராததும் வரக்கூடும் என்று யோசித்து எழுதியிருக்கிறீர்கள், அது எங்களுக்குப் பிடித்திருந்தது என்று எழுதியிருந்தார்கள். அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள், நான்தான் கோயம்புத்தூருக்கே வந்துவிட்டேன். பிழை பிடிபடாத நாட்களில் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாய்விட்டு ஒரு வார்த்தை வராது.

அப்பா போன அன்று அம்மா மில்லிலிருந்து ஓடிவந்து முதலில் கேட்டது, "கடேசியா எதுனா கேட்டாராடா?" என்பதுதான்.

"தண்ணி கேட்டாரும்மா, குடுத்தேன்" என்றேன்.

இன்றைக்கும் யார் துக்கம் விசாரித்தாலும் அம்மா அதைத்தான் சொல்கிறார். "மவன் கையால தண்ணி குடிச்சுட்டுத்தான் போனாரு, அந்த மட்டுக்கும் குடுத்து வச்சவரு." பக்கத்தில் இருந்தால் நானும் தலையாட்டுகிறேன்.