சும்மாட்டின் மேல் நின்ற டபுள் பேஸ்

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்த காலத்தில் நான் ஒரே ஒரு வெள்ளைக்காரக் கச்சேரி கேட்டேன். சங்கீதத்தைத் தேடிப் போகவில்லை. தாசில்தார் போனார், நாங்கள் பின்னாலேயே போனோம்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்திருந்த சமயம். பூதலூர்ப் பக்கத்து அக்கா ஒருத்தருக்கு அன்று விசாரணை. நடவு, களை, அறுப்பு என்று ஒரே மிராசுதார் நிலத்தில் பாடுபட்டவர். குடிசையும் அந்த நிலத்தின் ஓரத்தில்தான். மிராசுதாரின் காரியஸ்தரோ, இந்தம்மா நேற்று வந்து கீற்று போட்டவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம்தான் அவர் வேட்டிக் கரையைக் கறுப்பு சிவப்பாக மாற்றியிருந்தார். பேச்சு மட்டும் பழைய கரையிலேயே இருந்தது.

அக்காவிடம் இருந்த ஒரே அத்தாட்சி, பட்டாளத்திலிருந்து அவர் தம்பி நாலு வருஷம் முன்பு அந்த விலாசத்துக்குப் போட்ட இன்லண்ட் லெட்டர். தபால் முத்திரை பளிச்சென்று இருந்தது. மடியில் செருகினால் வேர்வையில் மசி கரைந்துவிடும், வேறு எங்கேயாவது பத்திரமாக வையுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

முந்தின தடவை பேர் கூப்பிட்டபோது அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். இன்னொரு தரம் தவறினால் மனு தள்ளுபடி என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். அதனால் மத்தியானம் தாசில்தார் எழுந்து கச்சேரி கேட்க எதிரேயிருந்த பள்ளிக்கூட ஹாலுக்குள் போனதும், அக்கா கீரைக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"அவரு நம்ம கண்ணு முன்னால இருக்கிற வரைக்கும் அங்க யாரு பேரைக் கூப்பிடப் போறா? வாங்க தம்பி."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பியானோவில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். பக்கத்தில் ஒரு நெட்டை வெள்ளைக்காரர், தன்னைவிட உயரமான வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். அதன் பேர் டபுள் பேஸ் என்று டீச்சர் தமிழில் சொன்னார். நெல் கொட்டுற குதிருக்குக் கழுத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று அக்கா என் காதில் சொன்னார். வில்லைப் போட்டு இழுத்ததும் பெஞ்சு அதிர்ந்தது. தூரத்து வயலில் பம்ப்செட் ஓடுகிற மாதிரி, காதுக்கு முன்னால் காலுக்குக் கேட்டது.

ஆனால் வாத்தியத்தின் அடியில் ஒரு இரும்பு முள். தரையோ எண்ணெய் போட்டுத் தேய்த்த சிவப்பு சிமெண்ட். நாலு இழுப்புக்கு ஒருமுறை முள் வழுக்கியது. மனுஷர் காலை முட்டுக்கொடுத்துப் பார்த்தார், மறுபடி வழுக்கியது. பாட்டு நின்றது.

அக்கா எழுந்து நடந்துவிட்டார். சுமை சரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. தலைச்சுமைக்கு அடியில் வைக்கிற சும்மாட்டை, பழைய சேலையைச் சுருட்டிய அந்த வளையத்தை, எடுத்துக்கொண்டுபோய் முள்ளுக்குக் கீழே வைத்து, "இப்ப அழுத்துங்க" என்றார். வெள்ளைக்காரர் தமிழ் தெரியாவிட்டாலும் அழுத்தினார். நின்றது. ஹாலே கைதட்டியது, தாசில்தாரும் சேர்த்து.

அடுத்த பாட்டு பாதி ஓடியிருக்கும். அக்காவின் கை தலைக்குப் போனது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தது.

"தம்பி, லெட்டரு அதுக்குள்ளல்ல இருக்கு."

மடியைவிடப் பத்திரமான இடம் என்று அவருக்குத் தோன்றியது அதுதான். நடுப்பாட்டில் எழுந்து போக முடியாது. வில் ஆழமாக இறங்கும்போதெல்லாம் முள்ளும் இறங்குகிற மாதிரி எனக்குப் பட்டது. அக்கா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம், "நல்லாத்தான் வாசிக்கிறான் பாவி" என்றார்.

முடிந்ததும் கைதட்டல் அடங்குவதற்குள் போய்விட்டோம். சும்மாட்டைப் பிரித்தால், லெட்டரின் நட்டநடுவே கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. டீச்சர் விஷயத்தை எடுத்துச் சொல்ல, வெள்ளைக்காரர் முகம் செத்து, கும்பிட்டு நின்றார். முன்வரிசையிலிருந்து தாசில்தார் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் முதல் பேர் அக்காவுடையது. லெட்டரைப் பார்த்ததும் காரியஸ்தர் சிரித்தார். ஓட்டைக் காகிதமெல்லாம் சாட்சியாகுமா, எங்கேயோ குப்பையில் பொறுக்கினது என்றார்.

தாசில்தார் லெட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை தம்பியின் நலம் விசாரிப்பைத்தான் தின்றிருந்தது. விலாசமும் முத்திரையும் முழுசாக இருந்தன.

"இந்த ஓட்டை விழுந்தப்ப நானே அங்கதான் இருந்தேன். நீங்க உட்காருங்க" என்றார் காரியஸ்தரிடம்.

சாயங்காலம் உத்தரவு நகல் கைக்கு வந்தது. அக்கா அதை நாலாக மடித்தார். இன்னொரு கை பழக்கத்தில் சும்மாட்டுக்குப் போயிற்று. நான் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"ரயிலடி வரைக்கும் நீங்களே கொண்டாங்க."