பஸ் திரும்ப வேண்டிய இடம்

கோவையை ஒட்டிய நகராட்சி ஒன்றில் கட்டட வரைபடம் வரையும் வேலையில் இருந்தாள் பங்காரம்மா. முப்பத்தாறு வயது. சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் மேசை முன்னால் உட்கார மாட்டாள்.

1997இல் ரயில் நிலையத்துக்கு எதிரே கிடந்த ஒரு ஏக்கரில் பஸ் நிலையம் கட்ட முடிவானது; ஆறு பஸ்கள், ஆட்டோ வரிசை, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாவற்றையும் அடக்கச் சொன்னார்கள். முன்பக்கம் பன்னிரண்டு கடைகளும் வரவேண்டும். பொறியாளர் வரதராஜுலு தானே ஒரு படம் போட்டு, இதைச் சுத்தமாக இழுத்துத் தந்தால் போதும் என்றார்.

இழுத்துக் கொடுத்தாள். ஆனால் சோறு இறங்கவில்லை. தாளில் பஸ் வளைந்தது, தரையில் வளையுமா? சரவணம்பட்டியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள் அவள். காலை ஏழு மணிக்கே போய் அந்த மண்ணில் நடந்தாள். ரயிலை விட்டிறங்கி மில்லுக்கு ஓடுகிறவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டாள். ஒருநாள் அவள் கண்ணெதிரே, பின்னோக்கி வந்த பஸ் ஒன்று சைக்கிள்காரரைத் தள்ளிவிட்டது. ஆள் பிழைத்தார், முழங்கை முறிந்தது.

நேரே வரதராஜுலுவிடம் போனாள்.

"ஏனுங்க சார், சுண்ணாம்புக் கோடு போட்டு நெசமான பஸ்ஸை ஒருக்கா திருப்பிப் பாத்துப்போடலாமுங்க."

அவர் சலித்துக்கொண்டார். மூன்று நாள் விடாமல் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கச் சம்மதித்தார்.

பஸ்ஸை ஓட்டி வந்தவர் பாலுசாமி. கோட்டின் மேல் மெல்லத் திருப்பினார். முன்சக்கரம் ஏழாவது கடைக்கான கோட்டுக்குள் ஏறி நின்றது. பின்னால் எடுத்து மறுபடி ஒடித்தார். இந்தத் தடவை எட்டாவது கடை.

"உள்ள நாலு பஸ்தானுங்க நிக்கும். ஆறுன்னா யாரையாச்சும் அடிச்சுப்போடுவேனுங்க," என்றார் பாலுசாமி.

வரதராஜுலு செருப்புக்காலாலேயே அந்த இரண்டு கடைகளின் கோட்டையும் அழித்தார்.

"மன்றத்துல நீங்களே சொல்லிப்போடுங்க, அம்மணி," என்றார்.

நகராட்சி மன்றத்தில், இரண்டு கடை வாடகை போகிறதே என்று சண்டை நடந்தது. பங்காரம்மா, முழங்கை முறிந்தவரிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போய், ஒருவழியாகப் பத்துக் கடைகளுக்கும் நாலு பஸ்களுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

1999இல் திறப்பு விழா. மேடையில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நடைபாதையை விட்டுவிட்டு ஆட்டோக்களுக்கு நடுவே கம்பித் தடுப்பைத் தாண்டி ரயிலுக்கு ஓடினார்கள். பங்காரம்மா எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்று எண்ணினாள். மாலை போட்டுக்கொள்ள வரதராஜுலு அவளைக் கைகாட்டி அழைத்தார். அவள் அதற்குள் தடுப்பை அளக்க நாடா எடுத்துவர ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தாள். அடுத்த மாதம் அந்தத் தடுப்பை அறுத்து வழி விட்டார்கள்.