என் மகளுக்கு நான் வைத்த ரியூசன்

மன்னார்த் தீவில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன் கொடுக்கிறவன் நான். ஒரு தகரக் கொட்டகை, பிள்ளைகள் இருக்கப் பத்து வாங்குகள், ஒரு வெள்ளைப் பலகை. பிள்ளைகளுக்கு நான் தமிழும் கணிதமும் சொல்லிக்கொடுப்பதாகப் பெற்றோர் நம்புகிறார்கள். உண்மையில் நான் சொல்லிக்கொடுப்பது கடந்தகால வினாத்தாள்களை. கேள்வியைப் பாதி வாசிக்கும்போதே விடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று என் பிள்ளைகளின் பென்சில் போய் நின்றுவிடும். சித்தியடைந்தவர்களின் படங்களைப் பதாகையில் அச்சடித்துச் சந்தியில் கட்டுவேன். சித்தியடையாதவர்கள் என் கொட்டகைப் பக்கம் வந்ததே இல்லை என்பதுபோல் நடந்துகொள்வேன்.

அப்படிப்பட்டவனுக்குக் காது கேளாத மகள் பிறந்தாள்.

இரண்டரை வயதுவரை நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தகப்பனின் பிடிவாதம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நானும் உள்ளூரப் பெருமைப்பட்டேன். பிறகு டொக்டர் காதைச் சோதித்து ஒரு கடதாசியில் கோடு கீறித் தந்தார். அந்தக் கோடு கீழே கீழே போனது. பிறகு வருடக்கணக்கில் கிளினிக் வாங்குகளில் காத்திருந்தோம். அவளுக்கு ஆறு வயதானபோதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு செய்தி வந்தது. இரண்டு காதுக்கும் நல்ல மெஷின் வரப்போகிறது, வருகிற எண்ணிக்கை எல்லோருக்கும் காணாது, பேச்சுச் சிகிச்சை மிஸ் ஒவ்வொரு பிள்ளைக்கும் மொழி மதிப்பீடு செய்துதான் யாருக்கு முதலில் என்று எழுதுவார்.

மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. மதிப்பீடு என்றால் புள்ளி. புள்ளி என்றால் வெட்டுப்புள்ளி. அதற்கு மேலே நிற்கிற பிள்ளைக்குக் கிடைக்கும், கீழே நிற்கிற பிள்ளை வீட்டுக்குப் போகும். இந்த நாட்டில் நல்ல பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் அப்படித்தானே கிடைக்கின்றன. நான் சிறு வயதை மண்டபம் அகதி முகாமில் கழித்தவன், திரும்பி வந்த பிறகும் கூரைத் தகரத்துக்கு ஒரு பட்டியல், வீட்டுக்கு ஒரு பட்டியல் என்று வரிசையிலேயே வளர்ந்தவன். அதிகம் தேவைப்படுகிறவருக்கு முதலில் கொடுக்கிற பட்டியல் ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

"கெட்டிக்காரப் பிள்ளையளுக்குத்தான் முதல்ல குடுப்பாங்கள்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வீட்டில் சட்டை தைத்துக் கொடுக்கிறவள்.

"எல்லாம் விளங்குற பிள்ளைக்கு என்னத்துக்கு மெஷின்?" என்று கேட்டாள்.

"உனக்குச் சோதினையைப் பற்றி ஒண்டும் தெரியாது" என்றேன். அவள் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். நான் வினாத்தாள் தேடிப் புறப்பட்டேன்.

வினாத்தாள் சிலாவத்துறையில் இருந்தது. அங்கே ஒரு தாய், தன் மகனை முந்தின மாதம் அதே மிஸ்ஸிடம் காட்டியிருந்தார். கிளினிக் வாங்கில் பழக்கம். மிஸ் வெளியே போன நேரத்தில், மதிப்பீட்டுக்கு வைத்திருந்த படப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போனில் எடுத்துவைத்திருந்தார்.

"அடுத்த தரம் மகனுக்குப் பழக்கலாமெண்டுதான் எடுத்தன் சேர். ஒங்கட மகளுக்கும் ஒதவட்டும்" என்று எனக்கும் அனுப்பினார். எந்தப் பக்கத்தில் எந்தப் படத்தைக் கேட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். கடவுள் நம்மைக் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

முப்பது பக்கம், பக்கத்துக்கு நாலு படம். மிஸ் ஒரு சொல்லைச் சொல்வார், பிள்ளை அந்தப் படத்தைத் தொட வேண்டும். என் மகளுக்குச் சொல் கேட்காது. அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. என் கொட்டகையில் கேள்வியை யார் கேட்கிறார்கள்? வரிசையைப் பாடமாக்கினால் போதும். கடையில் பிரதி எடுத்துப் புத்தகம்போலக் கட்டி, பின்னேரங்களில் அவளை உட்காரவைத்தேன். முதல் பக்கம், மேலே இடது. இரண்டாம் பக்கம், கீழே வலது. சரியாகத் தொட்டால் ஒரு பிஸ்கட். குதிரைப் படத்தைக் கண்டதும் அவள் தலைக்கு மேலே இரண்டு கையையும் காதாக்கி ஆட்டினாள். எங்கள் ஊரில் தெருத்தெருவாய்த் திரிகிறது கழுதைதான், குதிரையை அவள் எங்கே கண்டாள். அந்தப் பக்கத்தின் விடை குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். கையால் கதைக்கப் பழகினால் வாயால் கதை வராது என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டில் அதற்குத் தடையும் போட்டிருந்தேன்.

இரண்டு கிழமையில் முப்பதுக்கு முப்பது. இவளுக்குக் காது மட்டும் கேட்டிருந்தால் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருப்பாள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

மதிப்பீட்டு நாளில் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். பரீட்சை விஷயம், நான்தான் போனேன். மிஸ் யாழ்ப்பாணப் பக்கத்து இளம்பெண், மெல்லிய குரல். "அப்பா, நீங்கள் பின்னுக்கு இருங்கோ" என்று ஒரு கதிரையைக் காட்டினார். வாயசைவைப் பார்த்துப் பிள்ளை பிடித்துவிடாதபடி, துணி இழுத்துக் கட்டிய வளையம் ஒன்றை வாய்க்கு முன்னால் பிடித்தார். முதல் பக்கம். மகள் மேலே இடது தொட்டாள். இரண்டாம் பக்கம். கீழே வலது. பிறகு பக்கம் விழுந்து படியும் முன்பே அவள் விரல் போய் நின்றது. நான் பின்னால் இருந்து ஒவ்வொரு விடையையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். முப்பதும் சரி.

மிஸ் புத்தகத்தை மூடினார். "எல்லாம் சரியாத் தொட்டிட்டா" என்றார்.

"வெட்டுப்புள்ளி எவ்வளவு, மிஸ்?"

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். அவர் சொன்னார்: "அப்பா, மொழியில பின்னுக்கு நிக்கிற பிள்ளையளுக்குத்தான் முதல்ல மெஷின். இந்தப் புள்ளியை நான் அப்பிடியே எழுதினா உங்கட பிள்ளை கடைசியிலதான் வருவா."

அடுத்த சில நிமிடங்களில் என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த உரையை நிகழ்த்தினேன். மிஸ், இவளுக்கு ஒன்றுமே தெரியாது. குடை என்றால் என்னவென்று தெரியாது. கோழி தெரியாது. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தெரியாது. மகளுக்கு எதிராக இப்படிச் சாட்சி சொன்ன தகப்பன் இந்தத் தீவில் இருந்திருக்க மாட்டான். அவளை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னேன். கேட்காது என்ற துணிவு. அவளோ பிஸ்கட்டுக்காக என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிலாவத்துறைத் தாயை மட்டும் காட்டிக்கொடுக்காமல், புத்தகத்தின் பிரதி என்னிடம் இருந்ததையும் ஒப்புக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் மிஸ். "நாலாம் பக்கத்தில இருந்து நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. வளையத்தைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இருந்தனான். நீங்கள் பின்னுக்குத்தானே இருந்தனீங்கள், கவனிக்கேல்லையோ?"

நான் கவனிக்கவில்லை. அந்த அறையில் காது கேட்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேசவில்லை. மற்றவருக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது; ரியூசன் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வராத வெட்கம்.

மிஸ் இன்னொரு படிவத்தை எடுத்தார். இது பெற்றோருக்கு. இதற்கு யாரும் எனக்கு விடை அனுப்பியிருக்கவில்லை.

"ஒரு நாளைக்குப் பிள்ளையோட என்ன கதைப்பீங்கள்?"

"வா, இரு, சாப்பிடு, படி."

"அது வேலை சொல்லுறது. கதை?"

நான் படிவத்தை எட்டிப் பார்த்தேன். அவர் எழுதினார்.

"பிள்ளை உங்களிட்ட ஏதும் கேள்வி கேக்கிறவவோ?"

"இல்லை மிஸ். அவளுக்கு அதெல்லாம் இன்னும் வரேல்லை."

பென்சிலால் ஒரு பூச்சியம் போட்டார். பிறகு, "மெஷினுக்கு எழுதுறன். முன்னுக்குப் போடச் சொல்லி எழுதுறன்" என்றார். பூச்சியத்துக்கு அழுகிற பெற்றோரை எத்தனையோ தடவை கொட்டகையில் சமாதானப்படுத்தியிருக்கிறேன். பூச்சியம் கிடைத்த சந்தோஷத்தில் அழுகிற தகப்பனை அன்றுதான் கண்டேன். அது நானேதான்.

மகள் கதிரையில் முழங்காலிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. விரலால் என் கண்ணுக்குக் கீழே தொட்டாள். பிறகு அந்தக் கையை மலர்த்தி, புருவத்தை உயர்த்தித் தலையைச் சரித்தாள். நான் வழக்கம்போல அந்தக் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்தேன்.

"இப்ப என்ன செய்தவ?" என்று மிஸ் கேட்டார்.

"அது சும்மா மிஸ். படிக்கேக்கயும் இதுதான். ஒவ்வொரு படமாத் தொட்டுத் தொட்டுக் கையை விரிப்பாள். பிடிச்சு மடியில வைக்காட்டி அடுத்த பக்கத்துக்குப் போகேலாது."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"விடிஞ்சாப் பொழுதுபடும் வரைக்கும் இதுதான் மிஸ்."

மிஸ் அழிறப்பரை எடுத்துப் பூச்சியத்தை அழித்தார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

"அப்பா, பிள்ளை கேள்வி கேக்கிறா" என்றார். "பதில் சொல்லுங்கோ."

மகள் மறுபடியும் என் கண்ணுக்குக் கீழே தொட்டுக் கையை மலர்த்தினாள். ஏன் அழுகிறாய் என்று கேட்கிறாள். ஆறு வயதுவரை எத்தனை ஆயிரம் தடவை எதையெதையோ கேட்டிருப்பாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் வாயைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்துக் காத்திருந்தாள். அவை இரண்டும் என் மடியில் சும்மா கிடந்தன.