கதவில் விட்ட சாவி

என் தம்பி ஸ்தமாதிஸுக்குப் பிரேயஸ் துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்ததும், அவன் பெண்டாட்டி செவாஸ்தியையும் குழந்தையையும் உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னது நான்தான். ஃபூர்னி தீவில் அவளுக்கு என்ன குறை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. நான் ஏதென்ஸ்காரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தீவைப் பற்றி எனக்கு நினைவிருந்ததெல்லாம் காற்றும் மீன் நாற்றமும்தான்.

ஏதென்ஸின் கிப்ஸேலிப் பேட்டையில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நான்காவது மாடியில் அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். வந்த அன்றே லிப்ட்டைத் திறந்து காட்டினேன். செவாஸ்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த அலமாரிக்குள்ள நான் நிக்க மாட்டேன் அண்ணி. செத்தப்புறம் வேணும்னா படுக்கவெச்சு இறக்குங்க" என்றாள். பெட்டியைத் தலையில் வைத்து, குழந்தை நிகீதாஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான்கு மாடியும் நடந்தே ஏறினாள்.

அவளுக்குக் குரல் பெரிசு. மீன்பிடிக்கிறவர் மகள், ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குக் கூவியே வளர்ந்தவள். மாடிப்படியில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி நலம் விசாரிப்பாள். அவர்கள் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். "இங்க எல்லாருக்கும் காது மந்தமா அண்ணி?" என்று என்னிடம் கேட்டாள்.

"காது நல்லாத்தான் இருக்கு. நீ யாருன்னு தெரியாதவங்ககிட்ட எல்லாம் வாயைக் குடுக்காத."

"தெரியாதவங்ககிட்டதான கேக்கணும்? தெரிஞ்சவங்க எப்படி இருக்காங்கன்னு எனக்கே தெரியுமே."

அவளோடு பேசி யார் ஜெயிப்பது?

எதிர்வீட்டில் கலிரோய் அம்மா தனியாக இருந்தாள். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் ஆகாதவள், கடைக்குப் போனாலும் தொப்பி வைத்துக்கொண்டுதான் போவாள். அவள் கதவில் ஒரு பூட்டு, இரண்டு தாழ்ப்பாள், ஒரு சங்கிலி. அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவை ஒவ்வொன்றாக விழும் ஓசையைச் செவாஸ்தி அப்படியே வாயால் செய்து காட்டுவாள். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். செவாஸ்தி சொன்ன வணக்கம் ஒன்றுக்குக்கூட அந்த அம்மா பதில் சொன்னதில்லை.

அது ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஸ்தமாதிஸ் பட்டறைக்குப் போயிருந்தான். செவாஸ்தி தக்காளிக்குள் அரிசி அடைத்துத் தட்டில் அடுக்கி, ரொட்டிக்கடை அடுப்பில் வேகக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினாள். சாவியை வெளிப்பக்கமாகப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் தீவில் அப்படித்தான். சாவி கதவில் இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது, வரலாம் என்று அர்த்தம். சாவி இல்லையென்றால் வீடு காலி. உள்ளே குழந்தை தூங்கும்போது தாய் பக்கத்தில் எங்காவது போனால், சாவியைக் கட்டாயம் வெளியே விட வேண்டும். குழந்தை அழுதால் காதில் விழுந்தவள் உள்ளே போய்த் தூக்கிக்கொள்வாள். சாவியை எடுத்துக்கொண்டு போகிறவளைத்தான் அங்கே ஏசுவார்கள்.

ரொட்டிக்கடையில் கூட்டம். வரிசையில் யாரோ முன்னால் புகுந்துவிட, செவாஸ்தி அவளோடு ஒரு மூச்சுச் சண்டை போட்டுவிட்டுத்தான் தட்டைக் கொடுத்தாள். திரும்பி வந்து மாடி ஏறினால் கதவில் சாவியைக் காணோம்.

தள்ளிப் பார்த்தாள். பூட்டியிருந்தது. "நிகீதா!" என்று கூப்பிட்டாள். உள்ளே சத்தமே இல்லை. அவள் பிறகு என்னிடம் சொன்னாள்: "என் வீட்டுக் கதவே என்கிட்ட, வீட்ல யாரும் இல்லைன்னு சொல்லுது அண்ணி. எனக்கு ரத்தமெல்லாம் கால்ல இறங்கிடுச்சு."

எதிர்க்கதவை உள்ளங்கையால் அறைந்தாள். பதில் இல்லை. அடுத்த கதவைத் தட்டினாள். அது சங்கிலி அளவுக்குத் திறந்தது. ஒரு மூக்கும் அரைக்கண்ணாடியும் தெரிந்தன.

"என் குழந்தையப் பாத்தீங்களா? ரெண்டு வயசுப் பையன்!"

"இங்க குழந்தை எதுவும் வரலைம்மா." கதவு சாத்திக்கொண்டது.

அவள் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். நான் அப்போது தரை துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று வாயைத் திறக்கிறாள், பேச்சு வரவில்லை. அவ்வளவு பெரிய குரல் எங்கே போயிற்றோ. ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு அவளோடு ஓடினேன். வழியில்தான் சாவி கதை வெளியே வந்தது.

"அடிப்பாவி! இது என்ன ஃபூர்னியா? சாவிய வெளிய விட்டுட்டு வந்தியா?"

"குழந்தை தூங்கிச்சே அண்ணி…"

"அதுக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வை, நான்தான் ஏதோ புரியாத பாஷை பேசுகிறேன் என்பது போல இருந்தது.

கட்டிடத்துக்கு எதிரே நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். நான்காவது மாடி பால்கனிக் கதவு திறந்து கிடந்தது. திரைச்சீலை வெளியே வந்து கம்பிமேல் விழுந்து ஆடியது. கம்பி ஒன்றும் உயரமில்லை. நிகீதாஸ் அந்த வாரம்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறக் கற்றிருந்தான். செவாஸ்தி முதலில் மேலே பார்த்தாள். பிறகு மெல்லக் கண்ணை இறக்கி, பால்கனிக்கு நேர் கீழே தரையைப் பார்த்தாள். அங்கே பூந்தொட்டி ஒன்றும் பூனையும்தான் இருந்தன. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன். அவளை இந்த ஊருக்கு வரவழைத்தவள் நான்.

"நிகீதா! நிகீதாஆ!" தெருவே அதிர்ந்தது. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. "என்ன ஆச்சு?" என்று அங்கிருந்தே கேட்டார்கள். எவரும் இறங்கி வரவில்லை.

மூலையில் பத்திரிகையும் சிகரெட்டும் விற்கிற பெட்டிக்கடைக்காரன் மட்டும் தலையை நீட்டினான். "சிவப்புச் சட்டை போட்ட பையனா? தொப்பி வெச்ச அம்மா ஒண்ணு தூக்கிட்டுப் போச்சு. பையன் கத்திக்கிட்டே போனான். பேத்தி பேரன் யாருமில்லாத அம்மாவாச்சேன்னு நெனச்சேன்."

"எந்தப் பக்கம்?"

அவன் காட்டிய பக்கம் பஸ் நிலையமும் இருந்தது, போலீஸ் ஸ்டேஷனும் இருந்தது. செவாஸ்தி பஸ் நிலையத்துக்கு ஓடப் பார்த்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். எனக்கும் நிச்சயமில்லை. ஆனாலும் போலீஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே பெஞ்சில் கலிரோய் அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். தொப்பி கோணலாகியிருந்தது. மடியில் நிகீதாஸ், கையில் பாதி கடித்த எள் ரொட்டி வளையம், கன்னமெல்லாம் காய்ந்த கண்ணீர். செவாஸ்தி பாய்ந்து குழந்தையைப் பிடுங்கினாள். எள் வளையம் தரையில் உருண்டது. பையன் மறுபடி அலறினான்.

"நீங்கதான் தாயா?" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி. "ரெண்டு வயசுக் குழந்தையத் தனியா விட்டுட்டு, திருடனுக்குச் சாவியையும் குடுத்துட்டு எங்கம்மா போனீங்க? இப்படி விட்டுட்டு ஓடிப்போறவங்கள நாங்க நெறைய பாத்திருக்கோம். குழந்தைய அனாதை இல்லத்துல சேத்துட்டு விசாரிக்கறதுதான் வழக்கம்."

செவாஸ்தி குழந்தையை இன்னும் இறுக்கினாள். இரண்டு காவலர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவன் கதவை மெதுவாகச் சாத்தினான். இவள் கையிலிருந்து குழந்தையை வாங்க வேண்டுமென்றால் கையை வெட்டித்தான் வாங்க வேண்டும். அதையும் செய்வார்களோ என்று பயமாக இருந்தது.

"ஓடிப்போனேனா? நானா?" அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "ரொட்டிக்கடைக்குப் போனேன். சாவி கதவுல இருந்தா வீட்ல ஆள் இருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா வீடு காலி. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். குழந்தை அழுதா யாராச்சும் உள்ள போய்த் தூக்கட்டும்னுதான் சாவிய விட்டேன்!"

காவலர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கும் மீசை துடித்தது. கலிரோய் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அழுதான். நான் உள்ள போனேனே," என்றாள்.

காவலர்களின் சிரிப்பு நின்றது. செவாஸ்தி அவள் பக்கம் திரும்பினாள்.

"படியில நின்னு காத்திருந்தேன். நீ வரலை. கதவைத் தொறந்து போட்டா யார் வேணும்னாலும் வருவான், அதான் பூட்டினேன். போர்ல ஜெர்மன்காரன் ஊரைப் பிடிச்சு வெச்சிருந்தப்ப எங்க வீட்டுக் கதவு தொறந்துதான் இருந்துச்சு. எந்தம்பி சாப்பிட்டுக்கிட்டிருந்தான்." அதற்குமேல் சொல்லாமல், கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பிப் போய்விட்டாள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். தம்பியைப் பட்டறையிலிருந்து வரவழைத்து, ஒரு பாட்டம் திட்டி அனுப்பினார். அன்று யாரும் தக்காளியை நினைக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரன் மறுநாள் கரிந்துபோன தட்டைக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு செவாஸ்தி மாறித்தான் போனாள். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கடைக்குப் போனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். படியில் யாரையும் நிறுத்துவதில்லை. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டால், அந்த அம்மா இறங்கிப் போகிறவரை உள்ளேயே நிற்பாள். "என்னைப் போலீஸ்ல குடுத்தவ" என்று அந்த அம்மாவுக்குப் பெயர். நான் ஒருமுறை, "குழந்தையப் பத்திரமாத்தான வெச்சிருந்தா?" என்று சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்தமாதிஸ் என்னிடம் தனியாக வந்து, "ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து கதவப் பாக்கறாக்கா. தீவுக்கே அனுப்பிடவா?" என்றான்.

குளிர்காலம் வந்தது. ஒரு நாள் மத்தியானம் நானும், நிகீதாஸை இடுப்பில் இடுக்கிய அவளும் சந்தையிலிருந்து ஆளுக்கொரு பை ஆரஞ்சோடு படியேறி வந்தோம். முன்னால் போனவள் நான்காவது மாடியில் சட்டென்று நின்றாள். நான் அவள் முதுகில் மோதிக்கொண்டேன்.

கலிரோய் அம்மாவின் கதவு சாத்தியிருந்தது. பூட்டில், வெளிப்பக்கமாக, சாவி இருந்தது.

"மறந்துட்டாபோல" என்றேன்.

"அவளா? மறப்பாளா?"

"அதுக்காக நீ தொடாத. அப்புறம் ஏதாச்சும் காணோம்னா உன்னத்தான் சொல்லுவா. மறுபடி அந்த அதிகாரி முன்னாடி போய் நிக்கணுமா? உம் புள்ளைய நெனச்சுக்க."

அவள் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நிகீதாஸை ஒரு தரம் இறுக்கி அணைத்தாள். கதவைத் தட்டவில்லை. "வீட்ல ஆள் இருக்கு அண்ணி" என்று மட்டும் சொல்லி, குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, சாவியைத் திருப்பினாள்.

தாழ்ப்பாள் எதுவும் போட்டிருக்கவில்லை. சங்கிலி சும்மா தொங்கியது.

உள்ளே ஜில்லென்று இருந்தது. கட்டிலில் கலிரோய் அம்மா கோட்டோடு படுத்திருந்தாள். உதடு நீலம் பாரித்து, மூச்சு ரம்பம் இழுப்பது போல வந்தது. எங்களைக் கண்டதும் கண்ணை மட்டும் திருப்பினாள்.

"வர இவ்வளவு நேரமா?"

"எப்பலேர்ந்தும்மா சாவி வெளிய இருக்கு?" என்றாள் செவாஸ்தி.

"நேத்துலேர்ந்து. எல்லாரும் பாத்துக்கிட்டேதான் போனாங்க. ஒருத்தன் கதவைத் தட்டி, 'சாவிய மறந்துட்டீங்க'ன்னு கத்திட்டுப் போனான்."

செவாஸ்திக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எதிர்லதான இருக்கேன்! என் கதவைத் தட்டியிருக்கக் கூடாதா? நேத்து நான் கதவ அடைச்சுக்கிட்டு உள்ளயே கெடந்தேனே! காலையிலயும் இந்தக் கதவைத் திரும்பியே பாக்காம இறங்கிப் போனேனே!"

"தட்டினா நீ தொறப்பியோ மாட்டியோ" என்றாள் கலிரோய் அம்மா. "சாவியப் பாத்தா வருவேன்னு தெரியும்."

என்னைப் பெட்டிக்கடைக்கு விரட்டி போன் பண்ணச் சொன்னாள் செவாஸ்தி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த அம்மாவின் முதுகைத் தேய்த்து, வென்னீர் புகட்டி, அடுக்களைக்கும் கட்டிலுக்குமாக ஓடினாள். மார்ச்சளி முற்றிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

தூக்குக்கட்டில் லிப்டில் நுழையவில்லை. படி வழியாகத்தான் இறக்க வேண்டும். சத்தம் கேட்டு மற்றக் கதவுகளும் திறந்தன, சங்கிலி அளவுக்கு. வாசலைத் தாண்டும்போது கலிரோய் அம்மா கையை உயர்த்தி, தூக்குகிறவர்களை நிறுத்தினாள்.

"செவாஸ்தி."

அந்த அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

"சாவிய எடுத்துடு. இப்ப நான் வீட்ல இல்லை."

"எடுத்துடறேம்மா. நீங்க வந்ததும் திரும்ப வெச்சிடறேன்."

அவர்கள் படியிறங்கினார்கள். செவாஸ்தி கதவைப் பூட்டி, சாவியை உருவி, கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, தன் வீட்டுச் சாவியோடு அதையும் சேர்த்துக் கோத்துக்கொண்டாள்.