வெள்ளைத் தாளில் கறை தேடுகிறவள்

எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் ஜீவராணி. எந்தக் கொப்பி மெஷினைப் பழுது பார்த்தாலும் கடைசியில் ஒரு வெற்றுத் தாளை ஓட்டி, இப்படி வெளிச்சத்தில் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். கடுகளவு கறை தெரிந்தாலும் மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"பெல்ட்டுல ஒண்ணும் ஒட்டக் கூடாதுங்க. ஒட்டுச்சுன்னா அடுத்த ஆளு தாள்ல போய் நிக்கும்" என்பாள்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஷிராஸின் போன் கடைக்குப் பக்கத்தில் அவளுடைய போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. வெலிமடையிலிருந்து பசறை வரை, யார் கடை மெஷின் மக்கர் பண்ணினாலும் அவளுக்குத்தான் போன் வரும். வயது நாற்பத்தொன்று. கொண்டையில் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பிரஷ் செருகியிருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நக ஓரத்து நீல மை மட்டும் போவதில்லை.

கலர் மெஷினுக்குள் அகலமான ஒரு பெல்ட் ஓடுகிறது. மைத்தூள் முதலில் அதன்மேல் படமாகப் படிந்து, அங்கிருந்துதான் தாளுக்கு இறங்கும். மிஞ்சியதை ஒரு ரப்பர் தகடு வழித்துவிடும். பெல்ட் காய்ந்து கிடந்தால் தகடு உரசி மடங்கிப்போகும், தூளும் அப்பிக்கொள்ளும். அதற்காகவே மாவு போன்ற ஒரு வெள்ளைப் பவுடரைப் பிரஷால் தொட்டு பெல்ட்டின்மேல் மெல்லத் தட்டிவிடுவாள். வெலிமடையில் கடை வைத்திருக்கும் வீரசிங்கம் முதலாளி இதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திருநீறு என்று நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடிந்த கையோடு கோயில் திருநீற்றை அள்ளி பெல்ட்டுக்குப் பூசினார். மூன்றாம் வாரமே பெல்ட் முழுக்கக் கீறல்.

"நீ பூசின மாதிரிதானேம்மா நானும் பூசுனேன்?"

"மெஷினு அவ்வளவு பக்தியத் தாங்காது முதலாளி."

இந்தக் கதையை அவள் வாயால் கேட்டு அதிகம் சிரித்தவன் அவள் புருஷன் சுரேன். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டினான். மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் ஒருநாள் கடைக்கு வந்து, தன் பாஸ்போட் சைஸ் படத்தைத் தானே மெஷின் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தான்.

"பெருசா ஒண்ணு எடு ராணி. மொதலாளி படம் கடையில இருக்கட்டும்."

"யாரு மொதலாளி?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அமுக்கினாள். தாள் வெளியே வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. "வந்ததும் எடுத்துக்குவோம், என்னா அவசரம்" என்று படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோட்டத்து லய வீட்டு வரிசையில் தனியாக இருந்த அம்மாவைப் பார்த்துவர பஸ் ஏறினான். மறுநாள் விடிவதற்குள் மலை சரிந்து லயத்தின்மேல் இறங்கிவிட்டது. ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. அதைத் திறக்க வேண்டாம் என்றார்கள். நெற்றியில் திருநீறு பூசிவிடக்கூட அவளுக்கு முகம் கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்தவள், சுவிட்ச் போடுமுன் வழக்கம்போல பெல்ட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள். தாளுக்கு இறங்காமல் அங்கேயே நின்றிருந்தான் சுரேன். நெற்றி, கண், மூக்கு எல்லாம் தெளிவாக இருந்தன. வாய்க்குக் கீழே, மற்ற நிறங்கள் படியுமுன் கரண்ட் போனதால், மஞ்சள் மட்டும். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் இருந்தது, அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி.

மெஷினை ஓட்டினால் முதல் சுற்றிலேயே ரப்பர் தகடு வழித்துவிடும். அவளுக்குத் தெரியாததா? பெல்ட்டை உள்ளே தள்ளி, மேலே ஒரு சேலையைப் போர்த்தினாள். நாற்பது நாளாகக் கலர் கொப்பி கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "மெஷினு ரிப்பேருங்க" என்றாள். ஊர் மெஷினையெல்லாம் ஓடவைக்கிறவள் தன் மெஷினைப் போட்டு வைத்திருக்கிறாளே என்று கடைத்தெருவே சிரித்தது. விஷயம் தெரிந்த ஷிராஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"போன்ல ஒரு படம் எடுத்து வச்சிக்கங்க அக்கா."

"பத்து எடுத்துட்டேன் தம்பி. அது நான் எடுத்தது. இது அவரு கையால வச்சது."

போன செவ்வாய்க்கிழமை வள்ளியம்மை வந்தாள். அதே லயத்துக்காரி. அதே மண் அவள் மகளையும் கொண்டுபோயிருந்தது. பொலித்தீன் பையிலிருந்து பள்ளிக்கூட உடுப்பில் மகள் நிற்கும் ஒரு படத்தையும், இரண்டு பெரிய பிரதிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரதிகளில் பிள்ளையின் முகத்துக்குக் குறுக்கே கோடு விழுந்திருந்தது.

"ரெண்டு கடையில போட்டுப் பாத்துட்டேன் ராணி. புள்ள மூஞ்சில கோடு விழுது. நீ போட்டா கறையே இருக்காதுன்னாங்க."

ரிப்பேர் என்ற சொல் ஜீவராணியின் தொண்டைவரை வந்தது. கோடு விழுந்த அந்த முகத்தைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லை.

"உக்காருங்க அக்கா."

சேலையை உருவி மடித்து வைத்துவிட்டு பெல்ட்டை இழுத்தாள். நாற்பது நாள் காய்ந்த பெல்ட். பவுடர் தட்டாமல் ஓட்டினால் தகடு மடங்கிவிடும். கொண்டையிலிருந்த பிரஷை எடுத்தவள், அதைக் கீழே வைத்தாள். மூன்று விரலால் பவுடரைத் தொட்டு, தூள் கலையாத பதத்தில், அவன் நெற்றியில் இடமிருந்து வலமாக ஒருமுறை இழுத்தாள். பிறகுதான் பிரஷால் மற்ற இடமெல்லாம் தட்டினாள். பெல்ட்டை உள்ளே தள்ளி சுவிட்சைப் போட்டாள். மெஷின் சத்தமில்லாமல் சுற்றியது.

பிள்ளையின் படம் கோடில்லாமல் வந்தது. வள்ளியம்மை அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஜீவராணி ஒரு வெற்றுத் தாளை ஓட்டினாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடாமல், இரண்டு கண்ணாலும் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை; ஆனாலும் மனசு ஆறவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து மெஷினில் வைத்தாள்.